சீட்டில் 'டெரிஜியம்' என்று எழுதியிருக்கிறது, அது புரையா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. பாம்பனில் விசைப்படகுக்குப் போகிறார். வலது கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது. டாக்டர் சீட்டில் 'ஆர்.ஈ. நேசல் டெரிஜியம், கிரேடு 2, ஐ.எம்.எஸ்.சி.; விஷன் 6/24' என்று இருக்கிறது. இது புரைதானே? சதையை எடுத்தால் பார்வை வந்துவிடுமா?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: அப்பாவின் வலது கண்ணில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றது போகாது.

ஆர்.ஈ. என்பது வலது கண், நேசல் என்பது மூக்குப் பக்கம். வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு தடித்து, ரத்தக்குழாய்களோடு முக்கோணமாகக் கருவிழி மேல் ஏறுவதுதான் டெரிஜியம். இது கண்ணின் வெளிப்பரப்பில் வருவது. வெயிலின் புற ஊதாக் கதிர் முக்கியக் காரணம்; உப்புக்காற்றும் தூசியும் உறுத்தலைக் கூட்டும். கடலில் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயிலும் கண்ணில் விழுகிறது. பாசி எடுக்கிற, கருவாடு காயவைக்கிற பெண்களுக்கும் அதே ஆபத்து உண்டு.

கிரேடு 2 என்றால் சதை கருவிழி ஓரத்தைத் தாண்டிவிட்டது, நடுவிலுள்ள பாப்பாவை இன்னும் தொடவில்லை.

ஐ.எம்.எஸ்.சி. என்பதுதான் புரை, வயதால் வருவது, இன்னும் முற்றாதது. பாப்பாவுக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் மங்குவதால் வருகிறது. 6/24 என்றால், நல்ல கண் 24 மீட்டரில் படிக்கும் எழுத்தை அப்பா 6 மீட்டருக்கு வந்துதான் படிக்கிறார். இந்த மங்கலில் புரைக்கும் பங்கு இருக்கலாம், கருவிழியைச் சதை இழுத்து வளைவு சீரில்லாமல் போவதால் வரும் 'சிலிண்டர் பவர்' என்ற பார்வைக் குறைக்கும் பங்கு இருக்கலாம். எது எவ்வளவு என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

இரண்டுக்கும் ஆபரேஷன் தேவைப்பட்டால், பெரும்பாலும் சதையைத்தான் முதலில் எடுப்பார்கள். அது போனபின் கருவிழியின் வளைவு மாறும். வளைவு நிலைத்த பிறகு அளந்தால்தான் புரைக்கு வைக்கும் லென்ஸின் பவர் சரியாக வரும். சதையை வெறுமனே வெட்டி விட்டால் திரும்ப வளர வாய்ப்பு அதிகம். அதே கண்ணின் மேல்பக்கத்திலிருந்து சவ்வு எடுத்து அந்த இடத்தில் ஒட்டும் முறையில் அது வெகுவாகக் குறையும். 'கிராஃப்ட் வைப்பீர்களா?' என்று தயங்காமல் கேளுங்கள்.

அவசரம் இல்லை என்று டாக்டர் சொன்னால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளலாம். தொழில் கெடாது, கண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும். ஆனால் சதை வேகமாக வளர்ந்தாலோ, மேடாக வெளுத்தாலோ, ரத்தம் கசிந்தாலோ காத்திருக்காதீர்கள். அது வேறு வகைக் கட்டியாக இருக்கலாம்; உடனே பரிசோதிக்க வேண்டும்.

அதுவரை தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் 'யுவி 400' என்று குறிப்பிட்ட, பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடியும் வேண்டும். நிறம் மட்டும் கறுப்பாக இருந்தால் போதாது. தாய்ப்பால், பூச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். சிவப்பு குறைய மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அதை மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே பாதிக்கப்படலாம், புரையும் கூடலாம். அப்பா ஏற்கெனவே அப்படி ஏதாவது விடுகிறார் என்றால், அந்தக் குப்பியை அடுத்த முறை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.