சுவிட்ச் லூப்: வாசகர் கேள்வி-பதில்

இரண்டு நெட்வொர்க் சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள் போட்டேன். எஸ்.டி.பி. (லூப்பைத் தடுக்கும் ஏற்பாடு) ஆன் செய்ததும் ஒரு போர்ட்டில் ஆரஞ்சு விளக்கு. போர்ட் போய்விட்டதா?

இல்லை. லூப் (தரவு ஒரே வட்டத்தில் சுற்றுவது) வராமல் எஸ்.டி.பி. அதை பிளாக் செய்திருக்கிறது, அதுதான் எஸ்.டி.பி.யின் வேலை. இரண்டு கேபிளும் உழைக்க வேண்டுமென்றால் எல்.ஏ.சி.பி. (பல கேபிளை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் முறை) போடுங்கள். இரு முனையிலும்! ஒரு முனையில் மட்டும் போட்டுவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

எஸ்.டி.பி. போட்டதும் கம்ப்யூட்டர்களுக்கு ஐ.பி. முகவரி கிடைக்கத் தாமதமானது. அணைத்துவிட்டேன். இப்போது நன்றாக இருக்கிறது. சரிதானே?

சரியே இல்லை. யாரும் இன்னும் கேபிளை மாற்றிச் செருகவில்லை, அவ்வளவுதான். இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது, எனக்கும் எரிச்சல் ஏறிக்கொண்டே போகிறது. பழைய எஸ்.டி.பி. ஒரு போர்ட்டைத் திறக்கும் முன் லிசனிங் என்ற கட்டத்தில் 15 நொடி, லேர்னிங் என்ற கட்டத்தில் 15 நொடி நிற்கும். அதற்குள் டி.எச்.சி.பி. வழியாக ஐ.பி. முகவரி கேட்டுக் கேட்டு கம்ப்யூட்டர் ஓய்ந்துவிடுகிறது. அந்த அரை நிமிடத்துக்காகவா பாதுகாப்பையே கழற்றுவது? ஐ.பி. பாக்கெட்டுக்கு டி.டி.எல். (ஒவ்வொரு ரவுட்டரிலும் குறையும் ஆயுள் எண்) உண்டு, சுற்றினாலும் ஒரு கட்டத்தில் செத்துவிடும். சுவிட்சுகள் கடத்தும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அது கிடையாது. லூப்பில் விழுந்த ஒரே ஒரு பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போகும் ஃபிரேம்), நீங்கள் கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றும், பெருகும், எல்லாரையும் சேர்த்து முடக்கும்.

எஸ்.டி.பி.யின் வேகமான வடிவமான ஆர்.எஸ்.டி.பி. 2001-லேயே வந்துவிட்டது, அதற்கு மாறுங்கள். அது மட்டும் போதாது: கம்ப்யூட்டர், பிரிண்டர் செருகும் போர்ட்டுகளை எட்ஜ் (காத்திருக்காமல் உடனே திறக்கும் போர்ட்) ஆக்குங்கள். சிஸ்கோவில் இதன் பெயர் போர்ட்ஃபாஸ்ட். எட்ஜ் போட்டால் பி.பி.டி.யு. கார்டும் (எஸ்.டி.பி.க்காக சுவிட்சுகள் அனுப்பும் செய்தியான பி.பி.டி.யு. வந்தால் போர்ட்டை மூடும் காவல்) போடுங்கள். சுவிட்சும் சுவிட்சும் சேரும் போர்ட்டில் எட்ஜ் கூடவே கூடாது.

எஸ்.டி.பி.யில் எந்த சுவிட்ச் ரூட் (மற்றவை வழி கணக்கிடும் தலைமை சுவிட்ச்) ஆகும்?

பிரயாரிட்டி எண் குறைந்தது. தொடாமல் விட்டால் எல்லாமே 32768. அப்புறம் மேக் முகவரி (சுவிட்சின் வன்பொருள் எண்) சிறியது ஜெயிக்கும், பல நேரம் அது மூலையில் கிடக்கும் பழசாக இருக்கும். நடு சுவிட்சுக்கு 4096, அடுத்ததற்கு 8192 கொடுங்கள்.

பி.பி.டி.யு. ஃபில்டரும் கார்டும் ஒன்றா?

ஒன்றல்ல. போர்ட்டில் ஃபில்டர் போட்டால் பி.பி.டி.யு. போகாது, வராது; எஸ்.டி.பி.யின் கண்ணைக் கட்டுகிறீர்கள். கார்டு, பி.பி.டி.யு. வந்தால் போர்ட்டையே மூடும். மறுபடியும் சொல்கிறேன்: எட்ஜ் போட்டால் கார்டு.

மேசைக்கு அடியில் ஒரு சின்ன அன்மேனேஜ்டு (செட்டிங் எதையும் மாற்ற முடியாத) சுவிட்ச். யாரோ அதன் இரண்டு போர்ட்டையும் ஒரே கேபிளால் இணைத்துவிட்டார்கள். எஸ்.டி.பி. ஏன் கண்டுகொள்ளவில்லை?

அந்த வகையில் சில, பி.பி.டி.யு.வை விழுங்கிவிடும். அப்போது கார்டும் உதவாது. மேல் சுவிட்சில் லூப் டிடெக்‌ஷன் இருந்தால் அந்த போர்ட்டில் போடுங்கள். அது அனுப்பும் சோதனை ஃபிரேம் அதற்கே திரும்பி வந்தால் போர்ட்டை மூடிவிடும்.

நெட்வொர்க் படுத்துவிட்டது. உடனே பதில் தேவை.

மாடல் என்ன, எத்தனை சுவிட்ச், எதை எதோடு இணைத்தீர்கள், ஒன்றும் இல்லை. எல்லா விளக்கும் நிற்காமல் துடித்தால் பெரும்பாலும் லூப்தான். சுவிட்சுகளுக்கு இடையிலுள்ள கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எது கழன்றதும் அடங்குகிறதோ, அந்தப் பக்கம் தேடுங்கள்.