தண்ணீரில் ஊறியும் சுருங்காத விரல்

கேள்வி: இராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் விசைப்படகில் கூலிக்குப் போகிறேன். வயது 43. புரட்டாசியில் வலையிலிருந்து கெளுத்தியைக் கழற்றும்போது அதன் முள் வலது ஆள்காட்டி விரலின் அடியில் ஏறிவிட்டது. சுண்ணாம்பு வைத்துக் கட்டிக்கொண்டு கரை திரும்பினேன். மூன்றாம் நாள் விரல் முழுவதும் வீங்கி, மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. மருத்துவமனையில் கீறிச் சீழை எடுத்துக் கழுவினார்கள். ஒன்பது நாள் வார்டில் இருந்தேன். இப்போது நான்கு மாதம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. ஆனால் கட்டைவிரலைப் பார்த்த பக்கம் நுனிவரை மரத்தே கிடக்கிறது. வலை ஊசியைப் பிடித்தால் பிடித்ததாகவே தெரியவில்லை. ஐஸில் கை வைத்தால் எரிகிறது. சென்ற வாரம் டீ கிளாஸ் சுட்டுக் கொப்புளம் வந்தது. மனைவி பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. நரம்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். உணர்ச்சி திரும்புமா ஐயா? மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினால் போதுமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தடைக்காலம்வரை காத்திருக்க வேண்டாம். கண் ஆபரேஷன், காதுகுத்து, படகுக்குப் பெயின்ட் என்று எல்லாவற்றையும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாட்களுக்கு ஒதுக்கிவைப்பது நம் கரையின் வழக்கம். ஒருநாள் கூலி போனால் வீட்டில் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அறுந்த நரம்பைத் தைப்பதைத் தள்ளிப்போடத் தள்ளிப்போடப் பலன் குறைந்துகொண்டே போகும். உங்களுக்கு நரம்பு அறுந்திருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதில் பாதி வேலையை வீட்டிலேயே செய்துவிடலாம்.

ஒவ்வொரு விரலிலும் உள்ளங்கைப் பக்கமாக இரண்டு நரம்புகள் ஓடுகின்றன, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில், விரலை மடக்கும் தசைநாண் ஓர் உறைக்குள் வழுக்கிக்கொண்டு போய்வருகிறது. முள் அந்த உறைக்குள் அழுக்கைக் கொண்டுபோய்விட்டால் சீழ் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அழுத்தும். உடனே திறந்து கழுவாவிட்டால் தசைநாணே அழுகிப்போகும். உங்களுக்கு அவசரமாகக் கீறியதற்குக் காரணம் அதுதான். விரலை இன்றைக்கு மடக்க முடிகிறதென்றால் அந்தக் கீறலால்தான். நரம்பு எங்கே அடிபட்டது? முள்ளே குத்தியிருக்கலாம், சீழின் அழுத்தத்தில் நசுங்கியிருக்கலாம், வீங்கிக் குழைந்த சதைக்குள் கத்தி பட்டிருக்கலாம், ஆறும்போது தழும்பு இறுக்கியிருக்கலாம். கட்டைவிரலைப் பார்த்த பக்கம் மட்டும் மரத்திருப்பதால், இரண்டில் ஒரு நரம்புதான் பாதிக்கப்பட்டிருக்கிறது. ஊசி, நூல், மீன் செதில் எதைப் பிடித்தாலும் அந்தப் பக்கம்தான் வேலை செய்யும் என்பது உங்கள் துரதிர்ஷ்டம்.

அடிபட்ட நரம்பில் மூன்று நிலைகள் உண்டு. வெறுமனே அதிர்ந்துபோன நரம்பு பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக விழித்துக்கொள்ளும். அந்தக் கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது. அடுத்தது, நரம்பின் மேலுறை முழுசாக இருக்க உள்ளே இழைகள் மட்டும் அறுந்திருப்பது. அந்த இழைகள் மறுபடி வளரும், நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். மூன்றாவது, நரம்பே இரண்டாகத் துண்டாகியிருப்பது. அதை அறுவை செய்து தைத்தால்தான் வழி.

இனி வீட்டுப் பரிசோதனை. இரண்டு கைகளையும் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் வையுங்கள். நீரின் சூட்டை இடக்கையால் பார்த்துவிட்டு வையுங்கள், வலக்கையை நம்ப வேண்டாம். மற்ற விரல்களின் நுனி சுருங்கும். நரம்புத் தொடர்பு இல்லாத தோல் மட்டும் வழவழவென்று அப்படியே இருக்கும். தோல் சுருங்குவது வெறுமனே நீரில் ஊறுவதால் அல்ல. நரம்பு ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் நடக்கிறது. அதே காரணத்தால் அந்த இடத்தில் வியர்வையும் வராது. நாள் முழுக்கக் கடல்நீரில் கை வைக்கும் உங்களுக்கு இது முன்பே கண்ணில் பட்டிருக்கலாம்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. இடக்கை விரலால், மரத்த பக்கத்தின் நுனியிலிருந்து தழும்பை நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சுரீரென்று மின்சாரம் போல் நுனியை நோக்கி ஓடும். வளர்ந்துவரும் இழைகளின் முனை அங்கேதான் இருக்கிறது. பேனாவால் ஒரு கோடு போட்டு, தழும்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலால் அளந்து, தேதியுடன் எழுதிவையுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி அளவு எடுங்கள்.

கோடு நுனியை நோக்கி நகர்ந்திருந்தால் நரம்பு வளர்கிறது, பொறுக்கலாம். விரலின் அடியிலிருந்து நுனிவரை ஏறக்குறைய 8 செ.மீ. முதல் மாதத்தைத் தாமதமாகக் கழித்தாலும் கணக்குப்படி அது இப்போது நுனியை நெருங்கியிருக்க வேண்டும். ஆனால் சீழ் பிடித்து ஆறிய விரலில் தழும்பு தடித்திருக்கும், அங்கே கணக்கு பிந்துவது உண்டு. அந்தச் சுரீர் தழும்பைவிட்டு நகரவே இல்லையென்றாலோ, தழும்பில் பட்டாணி போலத் தொட்டால் துடிக்கும் முடிச்சு இருந்தாலோ ஒரு வாரம்கூடத் தாமதிக்காதீர்கள். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, கைக்கென்றே தனித்துறை உள்ள சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். நரம்பு வழியே செய்தி ஓடுகிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் மீதியைச் சொல்லும். டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், அறுவையின்போது நரம்பு கண்ணில் பட்டதா என்று அதில் எழுதியிருக்கலாம்.

இனி அந்தக் கொப்புளம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அதுதான். 1914-ல் கொல்லிமலையில் பிறந்து, வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், அவர்களின் விரல்கள் தேய்ந்துபோவது ஏன் என்று ஆராய்ந்தார். கிருமி விரலைத் தின்பதில்லை. வலி தெரியாததால் சூடும் வெட்டும் புண்ணும் கவனிக்கப்படாமல் போய் விரல் குறைகிறது என்று கண்டார். உங்களுக்கு அந்த நோய் என்று நான் சொல்லவில்லை. வலி தெரியாத விரல் எதுவானாலும் நிலைமை ஒன்றுதான். ஆகவே டீ கிளாஸை இடக்கையில் பிடியுங்கள். பீடி பழக்கம் இருந்தால் அந்த விரலுக்கு இரட்டைக் கேடு: சுட்டாலும் தெரியாது, புகையிலை ரத்தக்குழாயைச் சுருக்கி ஐஸ் எரிச்சலையும் கூட்டும். இரவு படுக்குமுன் விரலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வியர்க்காமல் காய்ந்து வெடிக்கும் அந்தத் தோலில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கொப்புளம் ஆறும்வரை கடல்நீர் படக் கூடாது.

உணர்ச்சி திரும்புமா என்று கேட்டீர்கள். நரம்பு வளர்ந்தால் ஓரளவு திரும்பும், பழைய விரலாக ஆகுமென்று வாக்குக் கொடுக்க மாட்டேன். முன்னேற்றம் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்வரைகூட நீடிக்கும். வளர்ந்த இழைகள் பழைய இடத்திலேயே போய்ச் சேர்வதில்லை என்பதுதான் சிக்கல். 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி முகவரியோடு ஆள் தேடிப்போன தபால்காரர் நிலைதான் மூளைக்கு. செய்தி வருகிறது, எங்கிருந்து என்று புரிவதில்லை. அதனால்தான் தொட்டால் கூசுகிறது, எரிகிறது, இடம் மாறித் தெரிகிறது. மூளைக்குப் புது முகவரியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இது மருந்துக்கடையில் கிடைக்காது.

தினம் மூன்று நான்கு தடவை, தடவைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பென்சிலின் ரப்பர் முனையால் விரலில் கோடிழுப்பதைக் கண்ணால் பாருங்கள்; கண்ணை மூடிக்கொண்டு அதே கோட்டை உணரப் பாருங்கள்; மறுபடி கண்திறந்து சரிபாருங்கள். கூச்சம் அதிகமென்றால் பஞ்சில் தொடங்கி வேட்டித் துணி, சாக்கு, உலர்ந்த மணல் என்று படிப்படியாக ஏறுங்கள். தொடுதல் நுனிவரை வந்துவிட்டால் ஒரு சட்டி அரிசிக்குள் சோழி, பொத்தான், புளியங்கொட்டை, சாவி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்து எது என்று சொல்லுங்கள். குழந்தைகள் இதை விளையாட்டாக்கிவிடுவார்கள், ஆக்கட்டும். கடைசியில் வலை ஊசி. முதலில் பெரிய கண் வலை, கண்பார்த்து, பிறகு பார்க்காமல். உங்களுக்குத் தொழிலே பயிற்சி என்பது பெரிய வசதி. தடைக்காலத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு மாத்திரை: வைட்டமின் பி12 குறைபாடு இருந்தால் பயன்படும், இல்லையென்றால் அறுந்த நரம்பை அது ஒட்டாது. இந்த மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் பி6 அளவுக்கு மீறி மாதக்கணக்கில் சேர்ந்தால் அதுவே கைகால் மரமரப்பை உண்டாக்கும். அட்டையோடு மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே ரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். கிருமி அவ்வளவு வேகமாகப் பரவியதற்குத் தெரியாத சர்க்கரையும் காரணமாக இருந்திருக்கலாம். எரிச்சலுக்குக் காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை உதவும். ஆனால் தலைசுற்றும், தூக்கம் வரும். ஆடும் படகில் நிற்பவர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடலுக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, எப்படியும் போவீர்கள். அதனால் சொல்கிறேன்: தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஐஸ் பெட்டியில் மீன் அடுக்குவதைக் கொஞ்ச நாளைக்கு வேறொருவரிடம் விடுங்கள், கெளுத்தியையும் திருக்கையையும் கையால் கழற்றாமல் குறடு வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி குத்தினால் சுண்ணாம்பு வேண்டாம். அந்த முள்ளின் நஞ்சு சூட்டில் வலுவிழக்கும், நல்ல கை பொறுக்கும் அளவு வெந்நீரில் வைத்துவிட்டுக் கரைக்கு வாருங்கள். விரல் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிவப்புக் கோடு கைமேல் ஏறினாலோ அன்றைக்கே மருத்துவமனை. ஆறிய இடத்தில் மாதங்கள் கழித்து மெல்ல முடிச்சு முடிச்சாக வீங்கினால் அது கடல்நீரில் வாழும் வேறொரு கிருமியாக இருக்கலாம், வழக்கமான மருந்துக்கு அடங்காது. உள்ளே முள் துண்டு தங்கியிருக்கவும் கூடும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக 'கடலில் மீன் முள் குத்தியது' என்று சொல்லுங்கள்.