மீன் தொட்டியில் ஆடை கட்டுகிறதா? சத்தமில்லாமல் சரிசெய்யலாம்

இந்த மாதம் வந்த கேள்விகளில் மூன்று ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்ததால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், எங்கள் ஹாலில் இரண்டடி மீன் தொட்டி இருக்கிறது. கப்பி, ஜீப்ரா மீன்கள், கொஞ்சம் செடி. மாமனாரும் அதே ஹாலில்தான் படுக்கிறார். ஏர் பம்ப் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் கெடுகிறது என்று இரவு பத்து மணிக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறோம். காலையில் பார்த்தால் தண்ணீர்மேல் எண்ணெய் ஊற்றியதுபோல ஒரு படலம், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. படலமும் போக வேண்டும், சத்தமும் கூடாது. வழி உண்டா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: உண்டு. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. இரவில் எல்லாவற்றையும் அணைக்கும் பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். மீன்கள் வாயைத் திறந்து மூடுவது பசியால் அல்ல, மூச்சுக்குத்தான். பகலில் வெளிச்சம் இருக்கும்வரை செடிகள் ஆக்சிஜன் கொடுக்கும். விளக்கை அணைத்த பிறகு அவையும் மீன்களோடு சேர்ந்து அதை எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் 30 டிகிரிக்குப் போனால் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்து நிற்க முடியும் (20 டிகிரியில் 9 மில்லிகிராம் நிற்கும்), அதுவும் மேற்பரப்பு அசைந்து காற்றோடு கலந்துகொண்டே இருந்தால்தான். அசைவும் இல்லை, மேலே ஒரு படலமும் மூடிக்கொண்டது என்றால் அந்த மீன்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டி வாங்கிய புதிதில் நானும் இப்படி இரவில் அணைத்துத்தான் வைத்தேன். ஒரு மே மாதக் காலையில் நான்கு மீன்கள் செத்துக் கிடந்தன. அந்தக் காட்சியை இன்னும் மறக்க முடியவில்லை.

சரி, அந்தப் படலம் என்ன? சூடான பாலை அசைக்காமல் வைத்தால் ஆடை கட்டுகிறதே, பார்ப்பதற்கு அப்படித்தான். மீன் தீனியில் இருக்கும் கொழுப்பு, மீன் கழிவிலும் அழுகும் இலையிலும் இருந்து வரும் புரதம், இவை மேலே வந்து தங்கும், அவற்றைத் தின்ன பாக்டீரியா வந்து சேரும். ஹாலை ஒட்டி அடுப்படி இருந்தால் தாளிக்கும்போது கிளம்பும் எண்ணெய்ப் புகையும் வந்து படியும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையைக் கழுவாமல் தொட்டிக்குள் விட்டாலும் இதே கதைதான். இப்படி மேலே சேர்வதை எல்லாம் தண்ணீரின் அசைவு உடைத்து உள்ளே இழுத்துவிட்டால், மிச்சத்தை ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் தினமும் எட்டு மணி நேரம் அந்த அசைவே இல்லை, அதனால்தான் காலையில் ஆடை.

போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? அப்படியானால் ஒரு ஈர்க்குச்சியால் படலத்தைக் கிழித்துப் பாருங்கள். உடனே வழிந்து மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்ப்பசை. கண்ணாடிச் சில்லுபோல உடைந்து தனித்தனியாக மிதந்தால் தண்ணீரில் இரும்பு அதிகம், அதை வைத்து வளரும் பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஒரு நாள் டிரம்மில் ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் டியூபின் நுனியில் மாட்டும், குமிழி விடும் கல்) போட்டு ஓடவிட்டு, அடியில் படியும் பழுப்பு வண்டலை விட்டுவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுத்து ஊற்றுங்கள்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். பெரும்பாலானோர் படலம் என்றதும் ஏர் பம்பைத்தான் கூட்டி வைக்கிறார்கள், ஏனென்றால் குமிழி வந்தால்தான் தண்ணீர் அசைகிறது என்று ஒரு நினைப்பு. தண்ணீரை அசைக்கக் குமிழியே தேவையில்லை. சத்தம் முழுக்கக் காற்றில் இருந்து வருகிறது: குமிழி மேலே வந்து உடையும் சத்தம், பம்புக்குள் ரப்பர் அதிரும் சத்தம், உயரத்தில் இருந்து தண்ணீர் கொட்டும் சத்தம். தண்ணீருக்குள்ளேயே இருந்து தண்ணீரைத் தள்ளும் மோட்டாரில் இந்த மூன்றுமே கிடையாது.

அதனால் நீங்கள் வாங்க வேண்டியது தொட்டிக்குள் முழுதாக மூழ்கி நிற்கும் சின்ன இன்டர்னல் ஃபில்டர். இரண்டடித் தொட்டி என்றால் ஏறக்குறைய 55 லிட்டர், மணிக்கு 250 முதல் 300 லிட்டர் தள்ளுவது போதும். பெரியது வாங்காதீர்கள், கப்பிகள் நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டே களைத்துப்போகும். தண்ணீர் வெளியே வரும் வாய் மேற்பரப்புக்கு ஒரு விரல் கீழே இருக்கட்டும், வாய் லேசாக மேல்நோக்கி இருக்க வேண்டும். தண்ணீர் தெறிக்கக் கூடாது, சலசலக்கவும் கூடாது; மேலே இருக்கும் விளக்கின் வெளிச்சம் தொட்டியின் அடியில் நெளிந்தால் அதுதான் சரியான அளவு. பெட்டியோடு ஒரு மெல்லிய காற்றுக்குழாயும் கொடுப்பார்கள், அதை மாட்ட வேண்டாம், மாட்டினால் அது காற்றை இழுத்து மறுபடி குமிழி விடும். அப்புறம், தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கினால் வாய் வெளியே தெரிந்து கொட்ட ஆரம்பிக்கும், வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மட்டத்தைப் பாருங்கள். சில மாதம் கழித்து திடீரென்று கடகடவென்று சத்தம் வந்தால் மோட்டார் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், உள்ளே சுற்றும் இம்பெல்லரில் மணலோ பாசியோ சிக்கியிருக்கும், கழற்றிப் பழைய டூத்பிரஷால் தேய்த்தால் அடங்கிவிடும்.

புது ஃபில்டர் வாங்கும்வரை ஏர் பம்பையே அடக்க வேண்டுமானால், அதை மரப்பலகையின் மேலோ சுவரை ஒட்டியோ வைக்காமல் தடித்த ஸ்பாஞ்சின் மேல் வையுங்கள், டியூபும் மரத்தைத் தொடாமல் போகட்டும். பழைய ஏர் ஸ்டோன் அடைத்திருந்தால் பம்ப் முக்கி முக்கிச் சத்தம் போடும், கல்லை மாற்றினாலே பாதி குறையும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைக்கிறீர்கள் என்றால் டியூபில் செக் வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகப் பம்புக்குள் இறங்கிவிடும்.

இன்றைக்கே படலம் போக வேண்டும் என்றால் ஓர் எவர்சில்வர் டம்ளர் போதும். மோட்டாரை நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டு, டம்ளரை நேராகப் பிடித்து விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு ஒரு நூல் கீழே போகும்வரை மெதுவாக அமுக்குங்கள். படலம் தானாக வழிந்து டம்ளருக்குள் விழும். ஏழெட்டு டம்ளர் எடுத்தால் மேற்பரப்பு பளிச்சென்று ஆகிவிடும். டிஷ்யூ பேப்பரை மேலே விரித்துச் சுருட்டி எடுப்பவர்களும் உண்டு, அதுவும் நல்ல வழிதான், ஆனால் மெல்லிய டிஷ்யூ கிழிந்து உள்ளே போகும், சமையலறையில் துடைக்கும் தடித்த தாளாக இருக்கட்டும்.

தீனியையும் குறையுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் போட்டது எல்லாம் மறுநாள் ஆடையாக வந்து நிற்கும்.

கேள்வி: ஒரே ஒரு ஃபைட்டர் மீன் வளர்க்கிறேன், படுக்கையறை மேசையில் சின்னத் தொட்டி. ஃபைட்டருக்கு அசையாத தண்ணீர்தான் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னதால் ஃபில்டர் போடவில்லை. மேலே வெள்ளையாகப் படலம் சேர்கிறது. அவனுக்கு ஆபத்தா?
– ஒரு வாசகர், கொளத்தூர், சென்னை

பதில்: வண்ணமீன் கடைகளுக்கே பேர்போன ஊரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், மகிழ்ச்சி. கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. ஃபைட்டருக்கு வேகமான ஓட்டம் ஆகாது, நீண்ட வாலை இழுத்துக்கொண்டு அவனால் எதிர்த்து நீந்த முடியாது. ஆனால் மற்ற மீன்களைவிட அவனுக்குத்தான் மேற்பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். செவுளோடு சேர்த்து அவனுக்கு லேபிரிந்த் என்று ஓர் உறுப்பு உண்டு, அதனால் மேலே வந்து வாயால் காற்றையே நேராக விழுங்கி மூச்சு விடுவான். தடித்த படலம் இருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் அதைக் கிழித்துக்கொண்டுதான் வர வேண்டும்.

முதலில் அது படலம்தானா என்று பாருங்கள். ஓர் ஓரமாக, சின்னச் சின்னக் குமிழிகள் நுரைபோலக் குவிந்து நின்றால் அது அவன் கட்டிய கூடு, ஆண் ஃபைட்டர் முட்டைக்காகக் கட்டுவது. பெண் மீன் இல்லாவிட்டாலும் கட்டுவான். அதைக் கலைக்காதீர்கள், பாவம். பரப்பு முழுக்கத் தட்டையாகப் பரவியிருந்தால்தான் படலம். மேலே சொன்ன டம்ளர் வைத்தியத்தை வாரம் இரண்டு முறை செய்யுங்கள், எடுத்த அளவுக்குக் குளோரின் போக வைத்த தண்ணீரை ஊற்றுங்கள்.

ஏர் பம்பில் ஓடும் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றையும் போட்டுவிடுங்கள். படுக்கையறை என்பதால் சத்தம் வரும் என்று பயப்பட வேண்டாம். அதன் குழாய் தண்ணீருக்குள்ளேயே முடிந்தால்தான் குமிழி மேலே வந்து பொட்டுப் பொட்டென்று உடையும்; குழாயின் மேல்முனையில் ஒரு எல்போ (வளைந்த குழாய்த் துண்டு) மாட்டி, அதன் வாய் பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலும் நிற்கும்படி வைத்தால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு வரும். காற்றைக் குறைக்க டியூபை மடக்கிக் கட்டாதீர்கள், பம்ப் இன்னும் கத்தும். ஒரு டி-வால்வு போட்டு மிச்சக் காற்றை வெளியே விட்டுவிடுங்கள். கொசு மருந்து ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் இருந்தால் இந்த அறையில் வேண்டவே வேண்டாம், அதில் இருக்கும் பைரித்ராய்டு மீனுக்குக் கடும் விஷம், ஏர் பம்ப் அறைக் காற்றைத்தானே இழுத்து உள்ளே விடுகிறது.

கேள்வி: பிளாக் மோலி விட்டால் படலத்தைத் தின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: உண்மைதான். மோலி மேற்பரப்பில் வாயை வைத்துப் படலத்தை மேயும், நானே பார்த்திருக்கிறேன். மதுரைப் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருந்தால் அதற்கு ஒத்தும் போகும். ஆனால் படலத்துக்காக மட்டும் வாங்காதீர்கள். அதுவும் தின்று கழிவு போடும் உயிர்தான், ஓர் ஆணும் பெண்ணும் இருந்தால் மாதம் தோறும் குட்டி போடும், அத்தனைக்கும் இடம் வேண்டும். மோலியை வளர்க்க ஆசை என்றால் தாராளமாக வளருங்கள். படலத்துக்கு, முதல் பதிலில் சொன்னபடி ஃபில்டர் வாயைத் தண்ணீருக்குள்ளேயே லேசாக மேல்நோக்கித் திருப்பி வைத்து, நான்கு நாள் பார்த்துவிட்டு எழுதுங்கள்.