பெரியம்மாவின் பத்தியம்

வணக்கம் அக்கா,

உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டம், மக்காச்சோளம்தான் வெள்ளாமை. பெரியம்மாவுக்கு மார்பகப் புற்று, கோயமுத்தூரில் கீமோ போய்க்கொண்டிருக்கிறது. ஸ்பிங்கோலிப்பிட் என்ற கொழுப்பை வைத்துத்தான் புற்றுச்செல் வளர்கிறது, அது உற்பத்தியாவதை நிறுத்தினால் கட்டி சுருங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரை வந்தது. நெய், தேங்காயெண்ணெய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இப்போது ரொம்ப மெலிந்துவிட்டார். நாங்கள் செய்தது சரிதானா?

கே.

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் பத்தியத்தை விடுங்கள். கீமோ நடக்கும்போது எடை இறங்குவது நல்லதல்ல. எதையெல்லாம் நிறுத்தினீர்கள் என்று டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். பாசத்தில் செய்ததுதான், தெரிகிறது. ஆனால் நெய்யை நிறுத்தினால் இந்தக் கொழுப்பு நிற்காது. செல் இதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

செரின் என்ற அமினோ அமிலம், பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், இவை இரண்டும்தான் மூலப்பொருள். இரண்டையும் உடம்பே செய்துகொள்ளும். செல்லுக்குள் ஒரு நொதி இவற்றை இணைக்கிறது; அப்புறம் இரண்டு மூன்று படிகள் தாண்டி, ஸ்பிங்கோலிப்பிட் குடும்பத்தின் நடுப்பொருளான செரமைடு வருகிறது. செல்லின் சவ்வுக்கு இது இல்லாமல் முடியாது. அந்த முதல் நொதியை முற்றிலும் நீக்கிய எலிகள் கருவிலேயே இறந்துபோகின்றன. ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் புதுச் சவ்வு வேண்டும், ஆகவே புற்றுச்செல்லுக்கும் இது தேவைதான். கட்டுரை அதுவரைக்கும் சரி.

அது விட்டுவிட்டது இதைத்தான். செரமைடு கூடினால் செல் வளர்ச்சியை நிறுத்துகிறது, பல சமயம் தன்னையே அழித்துக்கொள்கிறது. கீமோ மருந்துகள் சிலவும் கதிர்வீச்சும் புற்றுச்செல்லைக் கொல்வதில் செரமைடு கூடுவதற்கும் ஒரு பங்கு உண்டு. அதே செரமைடை இன்னும் இரண்டு படி மாற்றினால் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட். இதுவோ செல்லைப் பிழைக்க வைக்கிறது, பெருக வைக்கிறது, இடம் பெயரவும் வைக்கிறது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலில் தண்ணீர் ஒன்றுதான், எந்த மதகைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தானே எந்தக் காடு நனையும்? பல கட்டிகளில் இரண்டாவது மதகைத் திறக்கும் நொதி அதிகமாக இருக்கிறது. செரமைடு, ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் இந்த இரண்டுக்கும் உள்ள சமநிலைதான் செல்லின் கதியைத் தீர்மானிக்கிறது என்ற கருத்து 1996-லேயே வந்துவிட்டது. அதுவும் முழுக் கதையல்ல. செரமைடிலேயே அதன் வாலான கொழுப்பு அமிலச் சங்கிலியின் நீளம் மாறினால் வேலை மாறுகிறது: தலை, கழுத்துப் புற்றில் 18 கார்பன் வால் உள்ளது வளர்ச்சியைத் தடுக்கிறது, 16 கார்பன் உள்ளது கட்டிக்குத் துணைபோகிறது. இந்தச் சமநிலையை மாற்றும் மருந்துகளைச் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

‘உற்பத்தியை நிறுத்தினால் புற்று நிற்கும்’ என்பதற்கு நேர் எதிரான சாட்சி உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. மக்காச்சோளக் கதிரில் வரும் ஃபியுசேரியம் பூஞ்சையைப் பார்த்திருப்பீர்கள். புழு துளைத்த இடத்தில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ படரும். சில மணிகளில் உச்சியிலிருந்து வெள்ளைக் கீற்றுகள் விரிந்திருக்கும். இது உண்டாக்கும் ஃபியுமோனிசின் என்ற நஞ்சை 1988-ல் தென்னாப்பிரிக்காவில் பிரித்தெடுத்தார்கள். செரமைடு செய்யும் நொதியை அது அடைத்துவிடுகிறது என்று 1991-ல் தெரிந்தது. அதாவது ஸ்பிங்கோலிப்பிட் உற்பத்தியை நிறுத்தும் பொருளேதான். அதைத் தின்ற எலிகளுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? ஈரலிலும் சிறுநீரகத்திலும் புற்று வந்தது. அடைபட்ட படிக்கு முந்தைய பொருள்கள் செல்லில் தேங்கி, செல்கள் செத்துச் செத்து மறுபடி முளைத்ததன் விளைவு. குதிரைக்கு இன்னும் மோசம், மூளையின் வெள்ளைப் பகுதியே கரைந்துபோகும். அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கி வருபவர்கள் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. 1995-ல் தக்காணப் பகுதிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த சோளமும் மக்காச்சோளமும் தின்று மக்களுக்கு வயிற்றுவலியும் பேதியும் வந்ததும் இதே நஞ்சால்தான்.

அதனால் வீட்டுக்கு எடுத்துவைக்கும் கதிரில் புழு துளைத்ததையும் பூஞ்சை பிடித்ததையும் களத்திலேயே பொறுக்கித் தள்ளிவிட்டு, மீதியை ஈரம் போக நன்றாகக் காயவிட்டு மூட்டை பிடியுங்கள். வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், இந்த நஞ்சு சாதாரணச் சமையல் சூட்டுக்கு அசையாது. இதைப் படித்துவிட்டு, பெரியம்மாவுக்கு வந்தது மக்காச்சோளத்தால்தான் என்று வீட்டில் யாரும் பேச ஆரம்பிக்க வேண்டாம். மார்பகப் புற்றுக்கு ஃபியுமோனிசின் காரணம் என்று நிரூபணமாகவில்லை. அவருக்கு இப்போது வேண்டியது வயிறாரச் சாப்பாடு. முட்டையும் நெய்யும் எவ்வளவு தரலாம் என்று அடுத்த கீமோவுக்குப் போகும்வரை காத்திராமல் நாளைக்கே டாக்டரிடம் போனில் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா