குரூப்பில் போட்டாச்சு, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா?

வாசகர் கேள்வி – டீச்சர் பதில்

தொடக்கப் பள்ளிச் செய்திகள் வீடுவரை வருவதில்லை என்று சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் அடுத்தடுத்து கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: டீச்சர், ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலை எங்களுக்கு. மகள் மூன்றாம் வகுப்பு. வீட்டில் இருப்பது ஒரே போன், மிளகு பறிக்கக் கேரளா போகும்போது என் வீட்டுக்காரர் அதை எடுத்துப் போய்விடுவார். பள்ளி வாட்ஸ்அப் குரூப்பிலும் அவர் நம்பர்தான் இருக்கிறது. பழங்குடிப் பெண் குழந்தைகளுக்கான உதவித்தொகைக்குப் பாஸ்புக் நகல் கேட்டார்களாம், தேதி முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போய்க் கேட்டால் "குரூப்பில் போட்டாச்சே" என்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை அம்மா, முதலில் அதை மனதில் வையுங்கள். தேதி போய்விட்டது என்று விட்டுவிடாமல் நாளைக்கே பாஸ்புக்கோடு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பட்டியல் இன்னும் வட்டாரக் கல்வி அலுவலகத்தைத் தாண்டாமல் இருந்தால் பெயரைச் சேர்க்க வழி இருக்கும், தாண்டியிருந்தாலும் ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பழங்குடிப் பெண் குழந்தை படிப்பை விட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கொடுக்கிற பணம் அது, உங்கள் மகளுக்கு உரியது.

அப்புறம் நம்பர் விஷயம். மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்து வைக்கும் எமிஸ் இணையதளத்தில் எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது என்று வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். ஓடிபி வருவது அந்த நம்பருக்குத்தான் என்பதால் அங்கே உங்கள் குடும்பத்து நம்பர்தான் இருக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் நம்பரைக் கொடுக்காதீர்கள். ஆனால் ஆசிரியரின் நோட்டில் இரண்டாவதாக ஒரு நம்பர் எழுதச் சொல்லலாம். ஊரைவிட்டு எங்கேயும் போகாத உங்கள் அக்கா, நாத்தனார், பக்கத்து வீட்டு அண்ணி, யாருடையதாக இருந்தாலும் சரி. "போன் வீட்டில் இல்லாத மாதங்களில் இவரிடம் சொல்லுங்கள்" என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை காபிப் பழம் பறிப்பு. காலையில் தோட்டத்துக்குப் போகும் தாய் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது, மடிப்புக்குள் இருக்கிற கிராமங்களில் சிக்னலே ஒழுங்காகக் கிடைக்காது. அங்கே குரூப்பை மட்டும் நம்பினால் பாதி வீடுகள் விடுபட்டுப் போகும். பறித்த பழத்தை எடை போடுகிற இடத்துக்கு எல்லாத் தாய்மாரும் வருவார்கள், அங்கே மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அன்று இரவே ஊருக்குத் தெரியும். ரேஷன் கடையில் ஒரு தாள் ஒட்டலாம். இவற்றையெல்லாம்விட நல்ல வழி பள்ளிக்கு உள்ளேயே இருக்கிறது. காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் சுய உதவிக்குழுப் பெண்கள், பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் தாய்மார். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வேலைக்கு வெளியூர் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மலைப் பள்ளிக் குழந்தைகளுக்கு அரசு தரும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் வந்திருக்கிறது என்றால் அவர்களிடம் காலையில் சொல்லுங்கள், போதும்.

கேள்வி: நான் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை. பெற்றோர் பெரும்பாலும் தறி வேலை. பள்ளி குரூப்பில் குட்மார்னிங் படமும் விளம்பரமும் வந்து குவிகிறது, நாங்கள் போடும் செய்தி அடியில் போய்விடுகிறது. எல்லாவற்றையும் அனுப்பியும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பதில்: அட்மின் மட்டும் பதிவிடும்படி குரூப்பை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். பெற்றோர் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் அதற்குத் தனி குரூப் இருக்கட்டும். இது சின்ன வேலை. பெரிய வேலை வேறு இடத்தில் இருக்கிறது.

மாவட்ட அலுவலகத்திலிருந்து வரும் செயல்முறைகளை, அதாவது அலுவலக ஆணைக் கடிதங்களை, அப்படியே பிடிஎஃப்பாக ஃபார்வர்ட் செய்கிற பழக்கத்தை விட வேண்டும். பொருள், பார்வை, ந.க.எண் என்கிற கோப்பு எண் எல்லாம் அலுவலகம் அலுவலகத்துக்கு எழுதுவது. முதன்மைக் கல்வி அலுவலரிடமிருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு, அங்கிருந்து வட்டாரத்துக்கு, அப்புறம் உங்களுக்கு என்று ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆள் இருக்கிறார், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் இருக்கிறது. உங்களிடமிருந்து வீட்டுக்குப் போகிற கடைசிப் படிக்குத்தான் யாரும் கணக்குக் கேட்பதில்லை, செய்தி தொலைவதும் அங்கேதான். அந்தப் படிக்கு நீங்களே பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். என்ன விஷயம், எந்தத் தேதி, எதைக் கொண்டு வர வேண்டும், சந்தேகம் இருந்தால் யாரிடம் கேட்பது, இவ்வளவையும் உங்கள் குரலில் அரை நிமிடம் பேசி அனுப்புங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரியும், டீச்சர் குரல் என்றால் பிள்ளைகளே ஓடிவந்து போட்டுக் காட்டுவார்கள். தறி ஓடுகிற நேரத்தில் போன் மணி காதில் விழாது, அதனால் எப்போது அனுப்பினால் கேட்பார்கள் என்று நாலு தாய்மாரிடம் விசாரித்து அந்த நேரத்தையே வழக்கமாக்குங்கள்.

மறுநாள் யாரெல்லாம் பார்க்கவில்லை என்று பாருங்கள். மெசேஜ் இன்ஃபோவில் தெரியும். ஒரு சிலர்தான் இருப்பார்கள், அந்தக் குழந்தைகளின் நோட்டில் இரண்டு வரி எழுதி வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லுங்கள். ஐந்து வகுப்புக்கும் சேர்த்தே பத்து நிமிட வேலைதான்.

எதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதிலும் கவனம் வேண்டும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை என்றால் அது தானாகவே ஊர் முழுக்கப் பரவிவிடும், நீங்கள் சொல்லத் தேவையே இல்லை. அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை பள்ளி உண்டு என்பதுதான் யாருக்கும் போய்ச் சேராது, அன்றைக்கு வகுப்பு காலியாகக் கிடக்கும். குடற்புழு நீக்க மாத்திரையும் அப்படித்தான். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கிறார்கள், முன்கூட்டியே காரணத்தோடு சொல்லிவிட்டால் பயம் இருக்காது. மாத்திரை போட்ட பிறகு வீட்டுக்குத் தெரிந்தால் வதந்திதான் முதலில் ஓடும், அப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது.

கேள்வி: மழைக்காலத்தில் "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று மாதிரி மாதிரியான படங்கள் வருகின்றன. எதை நம்புவது? (அம்மாப்பேட்டை வாசகர்)

பதில்: மழை விடுமுறையைப் பொதுவாக மாவட்ட ஆட்சியர்தான் அறிவிப்பார். ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கத்தில் இருக்கிறதா, படத்தில் உள்ள தேதி இன்றையதா, மாவட்டம் முழுவதற்கா ஏற்காடு வட்டத்துக்கு மட்டுமா என்று பாருங்கள். போன வருடத்துப் படம் இந்த வருடமும் சுற்றும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததே, அந்த மாதிரி நேரத்தில் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். பாதை பயமாக இருந்தால் பிள்ளையை அனுப்பாதீர்கள், ஆசிரியருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.

கேள்வி: என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போகிறேன், கையெழுத்துப் போடுகிறேன், வருகிறேன். என்ன பேசுவது என்றே தெரியவில்லை டீச்சர். (ஏற்காடு வாசகி)

பதில்: உங்களுக்கு அங்கே பேச முழு உரிமை இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024இல் நம் மாநிலத்தில் குழுவை 24 பேராக மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். கூட்டப் பொருளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். முதல் தீர்மானமாக இதை வையுங்கள்: ஒவ்வொரு சிற்றூருக்கும் குழு உறுப்பினர் ஒருவர் பொறுப்பு, பள்ளியிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் அவர் தன் பக்கத்து வீடுகளுக்குச் சொல்ல வேண்டும், சொன்னேன் என்று ஆசிரியருக்கும் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஊருக்கு நீங்களே பெயர் கொடுங்கள். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, அதற்கு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

பள்ளியில் நடக்காத காரியத்தைக் கிராம சபையிலும் கேட்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இந்த நாட்களில் கட்டாயம் கூடும். திட்டங்கள் பற்றிச் சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். போன் இல்லாத தாய்மாருக்காக உங்கள் போனிலிருந்து நீங்களே கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னாலும் நல்லது.