கையடக்கம் போதும் என்றிருந்தோம்: லேப்டாப் கேள்விகள், பதில்கள்

கேள்வி: ஏலக்காய்த் தோட்டக் கணக்கு, ஆள்கூலி, புற்றடி ஏல மையத்துக்கு அனுப்பிய மூட்டை விவரம் எல்லாவற்றையும் 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்டில்தான் எழுதி வந்தோம். இப்போது ஆடிட்டர் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் போட்டுத் தரச் சொல்கிறார். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும், கனம் கூடாது. கையில் 30,000 ரூபாய். கம்பத்தில் ஒரு கடையில் 18,000 ரூபாய்க்கு, 4 ஜிபி ராம், 64 ஜிபி என்று ஒன்று காட்டினார்கள். எடை ஒரு கிலோ சொச்சம்தான். வாங்கலாமா?
_வாசகி, வண்டன்மேடு_

பதில்: வேண்டாம். கனம் குறைவு என்பதில் மயங்கிவிடாதீர்கள். அந்த 64 ஜிபி பெரும்பாலும் இஎம்எம்சி, அதாவது மதர்போர்டிலேயே பற்றவைத்த சேமிப்புச் சில்லு. உங்கள் டேப்லெட்டுக்குள் இருப்பதும் அந்த வகையறாதான். விண்டோஸ் அதை 59 என்றுதான் காட்டும். விண்டோஸ் 11 ஏறி உட்கார்ந்ததும் ஏறக்குறைய பாதி காலி. பெரிய அப்டேட் வரும்போது பழையதை வைத்துக்கொண்டே புதியதை இறக்க இடம் கேட்கும். இடமில்லாமல் பாதியில் நிற்கும், மறுநாள் மறுபடி முயலும். மிஷின் நாள் முழுக்க இழுத்துக்கொண்டு கிடப்பது இதனால்தான். கழற்றிப் பெரிதாகப் போட வழியும் இல்லை.

உங்களுக்கு வேண்டியது 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி (இஎம்எம்சியைவிட வேகமான சேமிப்பு). இதற்குக் கீழே இறங்காதீர்கள். பிராசஸரில் இன்டெல் என்100 கணக்கு வேலைக்குத் தாராளம், நாலு கோர் (பிராசஸருக்குள் வேலை பார்க்கும் பகுதி). செலரான் என்4020, என்4500 இரண்டும் இரண்டே கோர். டேலியோடு பிரவுசரும் வாட்ஸ்அப்பும் திறந்தால் திணறும். ரைசன் 3 7320யு நல்ல பிராசஸர்தான், ஆனால் அதில் ராம் எப்போதும் பற்றவைத்தே வரும். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8தான். மற்றவற்றில் ராம் ஸ்லாட் உண்டா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரியில் 2-க்கு 1 என்றிருந்தால் ஒன்று காலி; பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.

விலை மலிவு என்று குரோம்புக் (கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் லேப்டாப்) பக்கம் போய்விட வேண்டாம். டேலிக்கு விண்டோஸ்தான் வேண்டும். மலிவு விண்டோஸ் மிஷின்கள் சில ‘எஸ் மோட்’ என்ற பூட்டோடு வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளதைத் தவிர வேறெதையும் ஏற்றவிடாது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போனால் பூட்டை நீக்கலாம். காசு இல்லை, ஆனால் நீக்கியபின் திரும்பப் பூட்ட முடியாது. திரும்ப வேண்டியும் இராது.

எடைக்கு வருவோம். டேப்லெட் அரைக் கிலோ, கீபோர்டு உறையோடு ஒரு கிலோவை நெருங்கும். 14 அங்குல லேப்டாப் 1.3 முதல் 1.5 கிலோ, 15.6 அங்குலம் 1.6-க்கு மேல். 14 அங்குலம் எடுங்கள். அதில் வலப்பக்கத்து எண் கட்டை (நம்பர்பேட்) இராது என்பது ஒரு குறை. நாள் முழுக்கக் கூலித்தொகை தட்டுகிறவர்கள் மேல்வரிசை எண்களிலேயே தட்டினால் விரல் நொந்துபோகும். தனியாக ஒரு யுஎஸ்பி எண் கட்டையை வாங்கி மேசையிலேயே போட்டு வையுங்கள். பையில் சுமக்க வேண்டாம்.

சார்ஜரும் சுமைதான். டைப்-சி வழி சார்ஜ் ஏறும் மாடலானால் வீட்டில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று என்று வைத்துவிடலாம். ஆனால் டைப்-சி துளை இருந்தால் மட்டும் போதாது. சிலவற்றில் அது டேட்டாவுக்கு மட்டும். கடையில் 65 வாட் பிடி (பவர் டெலிவரி) டைப்-சி சார்ஜரைச் செருகி, சார்ஜ் குறி வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஃபோன் சார்ஜரை நம்பாதீர்கள். லேப்டாப் பெரும்பாலும் 15, 20 வோல்ட் கேட்கும், பல ஃபோன் சார்ஜர்கள் 9 வோல்ட்டோடு நின்றுவிடும்.

மலையில் இன்னும் இரண்டு சங்கதி. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இறங்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். பனியில் ஜீப்பில் வந்த லேப்டாப்பை அடுப்பெரியும் அறைக்குள் கொண்டுவந்ததும் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் நீர் கோத்துக்கொள்ளும். பையிலேயே அரைமணி நேரம் கிடக்கட்டும்.

உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கம்பத்தில் பில் போடும்போது கவனியுங்கள். 32-ல் தொடங்கும் உங்கள் கேரள எண்ணையும் வண்டன்மேட்டு முகவரியையும் போட்டு, ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி) 18 சதவீதம் என்று பில் கேளுங்கள். சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று தமிழ்நாட்டு வரியாகப் போட்டுவிட்டால் அந்தக் கிரெடிட்டை, அதாவது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகையை, கேரளத்தில் எடுக்க முடியாது. ஆடிட்டர் முதலில் கேட்பது இதைத்தான்.

கேள்வி: மகள் காலேஜுக்கு டேப்லெட் போதவில்லை. திருத்தணியில் ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கும்) திங்க்பேட் லேப்டாப் 20,000 ரூபாய்க்குச் சொல்கிறார்கள். நம்பலாமா? தமிழ், தெலுங்கு இரண்டும் அடிக்க வேண்டும்.
_வாசகர், நகரி_

பதில்: பழைய ஆபீஸ் லேப்டாப் கட்டுமானத்தில் புது மலிவு லேப்டாப்பைவிட உறுதி. ஆனால் எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் வேண்டாம். ஐ5-8250யு என்றால் கோட்டுக்குப் பின் வரும் 8தான் தலைமுறை. 7 என்றிருந்தால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

அடுத்தது பேட்டரி. கடைக்காரரிடம் ‘பேட்டரி ரிப்போர்ட்’ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், அரை நிமிட வேலை. டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருந்த அளவு) 50,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது ஏறும் அளவு) 30,000 என்று வந்தால் மிச்சம் 60 சதவீதம்தான். புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். காட்டத் தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

கீபோர்டு பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸ் 11 செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழையும் தெலுங்கையும் சேர்த்துவிட்டால், விண்டோஸ் கட்டையும் ஸ்பேஸும் அழுத்தி மாறிமாறி அடிக்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல் மட்டும், அந்த எழுத்துரு இல்லாத மிஷினில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றினால் சரியாகும்.

கேள்வி: லேப்டாப் வந்தபின் பழைய டேப்லெட்டை என்ன செய்வது?
_வாசகர், செங்கோட்டை_

பதில்: சிம் போடும் டேப்லெட்டானால் ஹாட்ஸ்பாட்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஃபோன் சார்ஜ் மிச்சம். பிடிஎஃப் வாசிக்கவும் லேப்டாப்பைவிட அதுதான் வசதி. எந்நேரமும் சார்ஜில் போட்டே வைக்காதீர்கள். பின்பக்கம் லேசாக உப்பினாலோ திரை ஓரத்தில் தூக்கினாலோ பேட்டரி ஊதிவிட்டது என்று பொருள். அதற்குமேல் சார்ஜ் போடாமல், அழுத்திப் பார்க்காமல், கடையில் கொடுத்துக் கழற்றிவிடுங்கள்.