பன்றி பேக்கனை விட்டு வான்கோழி பேக்கனுக்கு மாறலாமா?

கேள்வி: காலையில் முட்டையோடு பேக்கன் சாப்பிட்டுப் பழகிவிட்டேன். இப்போது கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வான்கோழி பேக்கன் உடம்புக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? ருசி அதே மாதிரி இருக்குமா?

பதில்:

ருசியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதே மாதிரி இருக்காது. உப்பும் புகை வாசனையும் ஏறக்குறைய வந்துவிடும். வாயில் போட்டதும் நொறுங்கிக் கரைகிற அந்தக் கொழுப்பு மட்டும் வராது.

எங்கள் வீட்டில் ஒருவர் பன்றி தொடமாட்டார், இன்னொருவர் பன்றியை விடமாட்டார். அதனால் பிரிட்ஜில் இரண்டு பாக்கெட்டும் எப்போதும் இருக்கும், சமைப்பது நான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பன்றி பேக்கன் ஒரே துண்டு இறைச்சி. பன்றியின் வயிற்றுப் பகுதியை உப்பில் ஊறவைத்து, புகை காட்டி, மெல்லியதாகச் சீவுகிறார்கள். அதில் தெரிகிற வெள்ளைக் கோடுகள் இயற்கையாகவே இருக்கும் கொழுப்பு. வான்கோழியின் உடம்பில் அப்படி ஒரு பகுதியே கிடையாது. அதனால் தொடைக் கறியையும் சில சமயம் நெஞ்சுக் கறியையும் பொடியாக நறுக்கி அல்லது அரைத்து, உப்பு, சர்க்கரை, மசாலா, நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்திப் புகையூட்டி, அப்புறம் சீவுகிறார்கள். வெளிர் நிறக் கலவையையும் அடர் நிறக் கலவையையும் அடுக்கி வைத்துத்தான் பல பாக்கெட்டுகளில் அந்தக் கோடுகள் வருகின்றன. அதாவது, செய்முறைப்படி பார்த்தால் இது சாசேஜுக்கு நெருங்கிய சொந்தம், பேக்கனுக்குத் தூரத்துச் சொந்தம். அமெரிக்காவில் பேக்கன் என்று மட்டும் எழுதியிருந்தால் அது பன்றி வயிறுதான். மற்ற இறைச்சி என்றால் அந்தப் பெயரையும் முன்னால் சேர்த்து எழுத வேண்டும் என்பது அங்கே விதி.

இனி உங்கள் முக்கியமான கேள்வி, கொழுப்பு. பொரித்த பன்றி பேக்கன் ஒரு துண்டில் சுமார் 40 முதல் 45 கலோரியும் 3 கிராமுக்குக் கொஞ்சம் மேல் கொழுப்பும் இருக்கும். வான்கோழியில் ஒரு துண்டுக்கு 30 முதல் 35 கலோரி, கொழுப்பு ஒன்றரையிலிருந்து இரண்டரை கிராம். நிறைவுற்ற கொழுப்பும் குறைவுதான். ஆக, குறைகிறது என்பது உண்மை. ஆனால் துண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கலோரி மிச்சமாகிறது என்பதற்காக, இரண்டு துண்டு சாப்பிடுகிற இடத்தில் நான்கு துண்டு சாப்பிட்டால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். 'இது வான்கோழிதானே' என்று தட்டில் கூடுதலாக எடுத்து வைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பாக்கெட்டில் அளவு ஒரு துண்டுக்கு என்று இருக்கும், இன்னொன்றில் இரண்டு துண்டுக்கு என்று இருக்கும். துண்டின் எடையும் ஒன்றுபோல் இருக்காது. 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால்தான் நியாயமான ஒப்பீடு.

உப்பு விஷயத்தில் வான்கோழிக்கு எந்தச் சலுகையும் கிடையாது. கொழுப்பு தருகிற ருசி இல்லாததை உப்பையும் சர்க்கரையையும் வைத்துத்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. ஒரு துண்டில் 130 முதல் 200 மில்லிகிராம் சோடியம் என்பது சாதாரணம். சில தயாரிப்புகளில் பன்றி பேக்கனைவிடவும் அதிகம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் சோடியம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று துண்டு சாப்பிட்டால் அதில் சுமார் 20 முதல் 30 சதவீதம் காலையிலேயே முடிந்துவிடும். உங்களுக்கு ரத்த அழுத்தமும் இருக்கிறது என்றால், கொழுப்பு எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சோடியம் எண்ணைப் பாருங்கள். குறைந்த சோடியம் என்று போட்ட வகைகள் கிடைக்கின்றன. ருசி கொஞ்சம் சப்பென்று இருக்கும், மிளகு தூவிச் சமாளிக்கலாம்.

பலரும் தாண்டிப் போகிற விஷயம் ஒன்று உண்டு. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணிப்பு. இது ஏற்கெனவே இருக்கிற அபாயத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிற அளவு. நூறில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால் இரண்டும் சம ஆபத்து என்பதும் சரியல்ல. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் பிரிவு சொல்கிறது, ஆபத்தின் அளவை அல்ல. இங்கே நமக்கு வேண்டியது, அவர்கள் விளக்கத்தில் பதப்படுத்திய இறைச்சி என்பதற்குள் கோழி, வான்கோழி போன்ற பறவை இறைச்சியும் வரலாம் என்பதுதான். பெரும்பாலான ஆய்வுகள் பன்றி, மாட்டு இறைச்சிகளை வைத்து நடந்தவை, அது வேறு. ஆனால் உப்பு, நைட்ரைட், புகை மூன்றும் வான்கோழி பேக்கனிலும் இருக்கும்போது, அதைத் தனியாக நல்லவன் வரிசையில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

'நைட்ரைட் சேர்க்காதது' என்று கொட்டை எழுத்தில் போட்ட பாக்கெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பின்பக்கத்தைத் திருப்பினால் செலரிப் பொடி அல்லது செலரிச் சாறு என்று இருக்கும். செலரியில் இயல்பாகவே நைட்ரேட் அதிகம், அது நைட்ரைட்டாக மாறி அதே வேலையைத்தான் செய்கிறது. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க நான் தயாரில்லை. நீங்கள் கொடுப்பதானால் தெரிந்து கொடுங்கள்.

மாறுவதற்கு உறுதியான காரணம் என்று நான் ஒப்புக்கொள்வது பன்றியே வேண்டாம் என்பவர்கள் விஷயத்தில்தான். மதம், பிடிக்காமை, ஒவ்வாமை, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு வகை உண்ணிப்பூச்சி கடித்தபின் பாலூட்டிகளின் இறைச்சி ஒத்துக்கொள்ளாமல் போகிற ஆல்ஃபா-கால் என்ற ஒவ்வாமை உண்டு. அவர்களுக்குப் பறவை இறைச்சி ஒத்துக்கொள்ளும் என்பதால் இது ஒரு வழி. ஹலால் பார்ப்பவர்கள் வான்கோழி என்ற ஒரே சொல்லை நம்பி வாங்க வேண்டாம். அறுத்த முறை, சேர்மானங்கள் எல்லாம் அதில் அடங்கும், முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சமைப்பதில்தான் பலரும் வெறுத்துப்போய் 'அட்டை மாதிரி இருக்கிறது' என்று பாக்கெட்டைத் தூக்கிப் போடுகிறார்கள். பன்றி பேக்கனைக் குளிர்ந்த வாணலியில் வைத்து மெல்லச் சூடேற்றினால் அதன் கொழுப்பு உருகி அதிலேயே பொரியும். வான்கோழியில் உருகுவதற்கு அவ்வளவு கொழுப்பு இல்லை. வாணலியை மிதமாகச் சூடாக்கி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவி, அதன்மேல் போடுங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். சேர்த்திருக்கிற சர்க்கரையால் சட்டென்று கருகும், கண் வைத்திருங்கள். நான் பெரும்பாலும் ஓவனில்தான் வைக்கிறேன். 200 டிகிரி செல்சியஸில், கம்பித் தட்டின்மேல் பரப்பி, 12 முதல் 15 நிமிடம். ஓரங்கள் மொறுமொறுப்பாகிவிடும், எடுத்து ஆறவிட்டால் இன்னும் கொஞ்சம் விறைக்கும். சில பாக்கெட்டுகள் ஏற்கெனவே வெந்தவை, சில பச்சை. பச்சை என்றால் முழுதாக வேக வேண்டும், பறவை இறைச்சிக்கு உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும்.

எதில் போடலாம், எதில் கூடாது என்பது கொழுப்பைப் பொறுத்தது. சாண்ட்விச், சாலட், ஆம்லெட், பீன்ஸ் சூப் இவற்றில் புகை வாசனையும் உப்பும் போதும் என்பதால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தக்காளி, லெட்யூஸ், மயோனெய்ஸ் வைத்த சாண்ட்விச்சில் எங்கள் வீட்டுப் பன்றிப் பிரியரே முணுமுணுக்காமல் சாப்பிடுகிறார். கார்பனாரா பாஸ்தாவில் போடாதீர்கள், அங்கே உருகி வரும் கொழுப்புதான் சாஸில் பாதி. கோழி நெஞ்சுக் கறியைச் சுற்றிக் கட்டி ஓவனில் வைக்கிற வேலைக்கும் இது ஆகாது. உள்ளே இருப்பதற்கு ஈரம் கொடுக்காமல் தானும் காய்ந்துபோகும்.

உங்கள் நிலைமையில் நான் இருந்தால், வாரத்தில் ஓரிரு நாள், இரண்டு துண்டு, எது பிடிக்கிறதோ அது என்று வைத்துக்கொள்வேன். மற்ற நாள்களில் முட்டையோடு காளானைப் பெரிதாக நறுக்கி, புகை காட்டிய பாப்ரிகாப் பொடி தூவி நன்றாகச் சிவக்க வதக்கிப் பாருங்கள். பேக்கன் இல்லையே என்ற குறை பாதி அடங்கிவிடும். இதனால் வான்கோழிப் பாக்கெட் பிரித்தபடி கிடக்கிறதென்றால், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். தீராது என்று தெரிந்தால் துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போடுங்கள், ஒரு மாதம் வரை ருசி கெடாமல் இருக்கும்.